பட்டியலில் பெயர் வராதவர்களிடமும் பேசுங்கள்: பாலே குழுக்களின் கலை இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாரிஸ், மாஸ்கோ, லண்டன், பெர்லின், நியூயார்க் என்று பெரிய பாலே குழுக்கள் இருக்கும் ஊர்களிலெல்லாம் கலை இயக்குநர் நாற்காலியில் அமர்ந்திருப்பவர்களுக்கு,

வணக்கம்.

உங்களிடம் முக்கியமாகக் கேட்க வந்தது ஒரு விஷயம்தான். அடுத்த நிகழ்ச்சியில் யார் எந்தப் பாத்திரம் ஆடுவது என்று ஒரு பட்டியல் ஒட்டுகிறீர்களே, அதில் பெயர் வராதவர்களைக் கூப்பிட்டு, ஏன் வரவில்லை என்று நேரில் சொல்லுங்கள். சொன்னதை எழுதியும் கொடுங்கள். இவ்வளவு சின்ன வேலைக்கு இத்தனை நீள மடல் எதற்கு என்று தோன்றலாம். அந்தச் சின்ன வேலை நடக்காததால் மனிதர்களுக்கு என்னவெல்லாம் ஆகிறது என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் நடனக் கலைஞர் இல்லை. ஐரோப்பாவில் வாழ வந்த பிறகு பாலே பார்க்கப் பழகியவள். பெரும்பாலும் மேல் அடுக்கில், பாதி மேடை மறைக்கும் மலிவு டிக்கெட்டில்தான் பார்த்திருக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் முன்னால் ஆடும் நாயகியைவிடப் பின்னால் வரிசையாக நிற்கும் பெண்கள்தான் நன்றாகத் தெரிவார்கள். ‘ஸ்வான் லேக்’ பாலேயில் அன்னங்கள் வரும்போது எல்லாருக்கும் கழுத்து ஒரே சாய்வில் இருக்கும், கை ஒரே உயரத்தில் இருக்கும், மூச்சுகூட ஒன்றாகத்தான் வாங்குவார்கள். அந்த வரிசையில் ஒருத்தி மட்டும் தனியாகத் தெரிந்தால் அது பிழை. ஆனால் வரிசையை விட்டு ஒருநாள் முன்னால் வர வேண்டுமென்றால் அவள் தனியாகத் தெரிந்தே ஆக வேண்டும். இந்த இரண்டையும் ஒரே உடம்பில் சுமந்துகொண்டு தினமும் காலை வகுப்புக்கு வருகிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

என் அக்கா மகள் அவர்களில் ஒருத்தி. 11 வயதில் ஹாஸ்டலோடு கூடிய ஒரு பாலே பள்ளியில் சேர்ந்தாள். இப்போது ஜெர்மனியில் ஒரு நகரத்துக் குழுவில் கடைசிப் படிநிலையில் ஆடுகிறாள். எந்த நகரம், எந்தக் குழு என்று எழுதப் போவதில்லை. அவள் அங்கேதான் வேலை செய்தாக வேண்டும். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. விரல் நுனியில் நின்று ஆடுவதற்கான பாயிண்ட் ஷூவுக்கு ரிப்பன் தைப்பாள், ரிப்பன் நுனி பிரியாமல் இருக்க லைட்டரில் லேசாகப் பொசுக்குவாள், மேடையில் டொக் டொக்கென்று கேட்கக் கூடாது என்று ஷூவின் முனையை எங்கள் மாடிப்படியில் ஓங்கி ஓங்கி அடிப்பாள். இத்தனை பாடுபட்டுத் தயாராகும் ஷூ சில நாட்களில் நைந்துவிடும். மறுபடி அடுத்த ஜோடி. இதையெல்லாம் அவள் அலுக்காமல் செய்வதைப் பார்த்திருக்கிறேன். உழைப்பு அவளை உடைக்கவில்லை.

அவளை உடைத்தது ‘கிசெல்’ பாலேயில் மிர்த்தா என்ற பாத்திரம். காதலில் ஏமாந்து இறந்துபோன பெண்களின் ஆவிகளுக்கெல்லாம் ராணி இந்த மிர்த்தா. உயரமான பெண்கள் ஆசைப்படும் பாத்திரம். பட்டியல் வந்த அன்று மூன்று பெயர்கள் இருந்தன. அதற்குக் கீழே ‘கவர்’ என்று போட்டு இவள் பெயர். கவர் என்றால், ஸ்டூடியோவின் பின்பக்கம் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நின்று பாத்திரம் முழுவதையும் கற்றுக்கொள்ள வேண்டும். ஆடுகிறவருக்கு ஏதாவது ஆனால்தான் மேடை. மூன்று பெயர்களில் ஒன்று, இவளோடு ஒரே வீட்டில் தங்கியிருக்கும் தோழியுடையது. அன்று இரவு சமையலறைக்குப் போனபோது தோழி பாட்டுப் போட்டுக்கொண்டு ஏதோ வதக்கிக்கொண்டிருந்தாளாம். இவளைப் பார்த்ததும் பாட்டை நிறுத்திவிட்டு “சாரி” என்றாளாம். எதற்கு சாரி? அவள் என்ன தப்பு செய்தாள்? நன்றாக ஆடினாள், பாத்திரம் கிடைத்தது, சந்தோஷமாக இருந்தாள். அந்தச் சந்தோஷத்தைத் தன் வீட்டுச் சமையலறையிலேயே ஒளித்துவைக்க வேண்டியதாகிவிட்டது.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. மூன்றாம் வாரம் ஒத்திகையில் ஒரு தாவலிலிருந்து இறங்கும்போது அந்தத் தோழியின் கணுக்கால் பிசகிவிட்டது. அவள் விழுந்த சத்தம் கேட்ட நொடியில் தன் மனதில் முதலில் வந்தது ‘ஐயோ’ இல்லை, ‘அப்போ சனிக்கிழமை யார்?’ என்பதுதான் என்று என் அக்கா மகள் ராத்திரி போனில் சொன்னாள். அரை நொடிதான். அடுத்து ஓடிப்போய் ஐஸ் வைத்தவளும் இவளேதான். ஆனால் அந்த அரை நொடியை அவளால் மன்னிக்க முடியவில்லை. “சித்தி, நான் எப்படிப்பட்ட ஆளாயிட்டேன்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். சனிக்கிழமை இவளை ஆட விடவும் இல்லை. ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த இன்னொருவருக்கே கூடுதலாக ஒரு நாள் கொடுத்துவிட்டார்கள். ஏன் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இயக்குநர்களே, அந்த அரை நொடிக்கு அவளுடைய குணம் காரணம் என்று நான் நினைக்கவில்லை. அடுத்தவர் காலில் அடிபட்டால்தான் உனக்கு வாய்ப்பு என்று ஒரு ஏற்பாட்டைச் செய்து, அதற்குள் 22 வயதுப் பெண்ணை நிறுத்திவைத்தால் மனசு அந்தக் கணக்கைப் போடத்தான் செய்யும். மாற்று ஆள் இல்லாமல் நிகழ்ச்சி நடத்த முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் கவராக நின்று கற்றவளுக்கு ஒரு மதியக் காட்சியாவது உண்டா, இல்லையா, இல்லையென்றால் அவளிடம் என்ன குறை என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? கால் மணி நேரம் போதும்.

நீங்கள் சொல்லாத காரணத்தை அவர்கள் தாங்களாகவே இட்டு நிரப்பிக்கொள்கிறார்கள். எங்கள் பெண் நிரப்பியது இப்படி: தொடை தடிமனா? பாதத்தின் வளைவு போதாதா? அந்த ஆசிரியரிடம் அன்று முகம் சுளித்தேனோ? அப்புறம், நிறமா? இந்தக் கடைசிச் சந்தேகத்தை வெறும் கற்பனை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. பெர்லின் ஸ்டாட்ஸ்பாலேயில் ஆடிய கறுப்பினக் கலைஞர் க்ளோயி லோப்பஸ் கோம்ஸ், ‘ஸ்வான் லேக்’கில் மற்ற அன்னங்களோடு ஒத்துப்போக உடம்பில் வெள்ளைப் பூச்சு பூசச் சொன்னார்கள் என்று 2020இல் வெளிப்படையாகச் சொன்னார். அதற்குப் பிறகு, காரணம் சொல்லாமல் ஒதுக்கப்படும் எந்த மாநிறப் பெண்ணும் கண்ணாடியில் முதலில் எதைப் பார்ப்பாள்?

போட்டி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மாஸ்கோவைவிடப் பெரிய உதாரணம் இல்லை. 2013 ஜனவரி 17 இரவு, போல்ஷோய் பாலேயின் கலை இயக்குநர் செர்கெய் ஃபிலின் தன் வீட்டு வாசலுக்கு வந்தபோது முகத்தில் அமிலம் வீசப்பட்டது. பார்வை கடுமையாகப் பாதிக்கப்பட்டு, அறுவை சிகிச்சை மேல் அறுவை சிகிச்சை. ஏற்பாடு செய்தவர் அதே குழுவின் முன்னணிக் கலைஞர் பாவெல் திமித்ரிசென்கோ. மேடையில் கொடுங்கோலன் இவான் என்ற ரஷ்ய மன்னனாக ஆடியவர். அடிக்கத்தான் சம்மதித்தேன், அமிலம் பற்றித் தெரியாது என்றார். நீதிமன்றம் அந்த டிசம்பரில் அவருக்கு ஆறு ஆண்டுகள் சிறை விதித்தது. அவருடைய காதலிக்கு ‘ஸ்வான் லேக்’ நாயகி வாய்ப்பு கிடைக்காததும், மானியத் தொகைகள் பங்கிடப்படும் விதமும் அந்தப் பகைக்குக் காரணங்களாகப் பேசப்பட்டன.

அந்தக் குற்றத்துக்கு எந்தச் சமாதானமும் இல்லை. ஒரு மனிதரின் கண்ணைப் பறித்தவர்கள் தண்டிக்கப்பட்டது சரி. ஆனால் அந்த வழக்கில் என்னை இன்றும் உறுத்துவது வேறொன்று. திமித்ரிசென்கோ கைதானதும், அவரை ஆதரித்து நூற்றுக்கணக்கான சக ஊழியர்கள் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அமிலத்தை ஆதரித்தார்கள் என்று நான் நம்பவில்லை. பாத்திரம், பணம், பதவி உயர்வு எல்லாம் ஓர் அறைக்குள் முடிவாகி, அந்த அறைக்கு வெளியே முறையிட ஓர் இடம்கூட இல்லாமல் எத்தனையோ வருடங்கள் வேலை பார்த்தவர்களின் ஆத்திரம் அந்தக் கையெழுத்துகளில் இருந்தது என்றே நினைக்கிறேன். அதே 2013இல் அங்கே ஆடிவந்த அமெரிக்கர் ஜாய் வோமாக், தனி நடனம் வேண்டுமென்றால் 10,000 டாலர் கொடு என்று தன்னிடம் கேட்கப்பட்டதாகக் குற்றம் சாட்டிவிட்டு வெளியேறினார். அது உண்மையா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் எந்த அடிப்படையில் பாத்திரம் கொடுக்கப்படுகிறது என்பது எழுத்தில் இருந்திருந்தால் அந்தக் கேள்வியை ஒரே நாளில் தீர்த்திருக்கலாம்.

பாரிஸ் ஓபராவின் பாலே குழு இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். அங்கே கீழ்ப் படிகளிலிருந்து மேலே போவதற்கு நெடுங்காலமாக உள்போட்டி நடக்கிறது. எல்லாரும் ஆட வேண்டிய நடனம் ஒன்று, தானே தேர்ந்தெடுத்த நடனம் ஒன்று. நடுவர் குழு வாக்களித்து வரிசைப்படுத்தும். நடுவர்களில் சக கலைஞர்களின் பிரதிநிதிகளும் உண்டு. இதில் எனக்கு மரியாதை இருக்கிறது. யார் தீர்ப்பு சொன்னது என்பதாவது தெரிகிறதே. ஆனால் அந்தச் சில நிமிடங்களுக்காக ஒரு வருடம் முழுவதும் உடம்பையும் தூக்கத்தையும் பிழிவது ஒரு பக்கம். ஆண்டின் மற்ற நாட்களில் யார் எதை ஆடுவது என்பது அங்கேயும் பழையபடி இயக்குநர் அறைக்குள்தான். உச்சிப் படியான எத்வால் பட்டமும் நியமனம்தான், போட்டி இல்லை. 2018இல் அந்தக் குழுவின் கலைஞர்களே தங்களுக்குள் நடத்திய கருத்தெடுப்பு ஒன்று வெளியே கசிந்தது. பதில் சொன்னவர்களில் 77 சதவீதம் பேர், மனரீதியான துன்புறுத்தலுக்கு ஆளானோம் அல்லது நேரில் பார்த்தோம் என்றார்கள். உலகத்தின் மிகப் பழைய பாலே நிறுவனத்தில், நாலில் மூன்று பேர்.

இங்கே நீங்கள் சொல்லப்போகும் மறுப்பும் எனக்குத் தெரியும். கலையை ஓட்டெடுத்து நடத்த முடியாது, ஓர் இயக்குநரின் கண் வேண்டும் என்பீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். 1984 டிசம்பரில், அப்போது பாரிஸ் ஓபராவின் பாலே இயக்குநராக இருந்த ருடால்ஃப் நூரியேவ், 19 வயது நடனக் கலைஞர் சில்வி கிய்யெமை எத்வால் ஆக்கினார். கிய்யெம் அதற்கு முந்தைய படிக்கு வந்தே சில நாட்கள்தான் ஆகியிருந்தன. வரிசைப்படி காத்திருக்க வைத்திருந்தால் உலகத்துக்கு எவ்வளவு நஷ்டம்! அந்தக் கண் உங்களுக்கு இருக்க வேண்டும், அதை யாரும் பிடுங்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த இரவில் தாண்டப்பட்டவர்களும் அதே கட்டடத்தில்தான் இருந்தார்கள். மறுநாள் காலையில் வழக்கமான இடத்தில் சுவரோரப் பயிற்சிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கி வகுப்பைத் தொடங்கியிருப்பார்கள். தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது என்றால், தாண்டிப்போனவரின் முகத்தைப் பார்த்துப் பேசும் கடமையும் உங்களுடையதுதான். கோடிக்கணக்கில் அரசுப் பணமும் நன்கொடையும் வாங்கி நடக்கும் நிறுவனங்களில் ஒரு வங்கி எழுத்தருக்குக் கிடைக்கும் வருடாந்திர மதிப்பீடுகூடப் பல கலைஞர்களுக்குக் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் “நன்றாகப் போகிறது, இன்னும் முயற்சி செய்” என்பதோடு சரி. என்ன முயற்சி? எந்த நடனத்தில்? எந்த நிகழ்ச்சிப் பருவத்துக்குள்?

நேரத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பாரிஸ் ஓபராவில் நடனக் கலைஞர்களின் ஓய்வு வயது 42. பல குழுக்களில் அதற்கு வெகு முன்பே உடம்பு ஓய்ந்துவிடும். மற்ற வேலைகளில் இரண்டு வருடம் கவனிக்கப்படாமல் போனால் வருத்தம். இங்கே அது வாழ்நாள் வாய்ப்பில் பத்தில் ஒரு பங்கு. அதனால்தான் காயத்தை மறைக்கிறார்கள். விரல் எலும்பு விண்டிருந்தாலும் டேப் சுற்றிக்கொண்டு ஆடுகிறார்கள். பிஸியோதெரபிஸ்டிடம் போனால் விஷயம் இயக்குநர் காதுக்குப் போய்விடும், அடுத்த பட்டியலில் பெயர் போய்விடும் என்ற பயம். கால் வலிக்கே இப்படி என்றால், ராத்திரி தூக்கம் வரவில்லை, சாப்பிட்டதை வாந்தி எடுக்கிறேன் என்று எந்தப் பெண் வந்து சொல்வாள்?

உடம்பு எடை பற்றி நீங்கள் பேசும் பேச்சுக்கு வருகிறேன். பாஸ்டன் பாலேயில் ஹைடி குந்தர் என்ற இளம் கலைஞரிடம் 1995இல் எடையைக் குறைக்கச் சொன்னார்கள். அப்படிச் சொன்னபோது அவர் குண்டாக இருக்கவில்லை. 1997 ஜூனில், 22 வயதில், விடுமுறைக்குக் குடும்பத்தோடு போன இடத்தில் சரிந்து விழுந்து இறந்துபோனார். அப்போது அவர் எடை சுமார் 42 கிலோ. மரணத்துக்குக் காரணம் எது என்பதில் சர்ச்சை இருந்தது. ஆனால் ‘கொஞ்சம் குறை’ என்று சொல்கிறவர், கேட்கிறவள் எங்கே நிறுத்துவாள் என்று தெரியாமல்தான் சொல்கிறார் என்பதில் சர்ச்சை இல்லை. 2014இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, பாலே கலைஞர்களில் ஏறக்குறைய 16 சதவீதம் பேருக்கு உணவுக் கோளாறு இருப்பதாகக் கணக்கிட்டது. ஆறு பேரில் ஒருவர். அன்னங்களின் வரிசையை மேலிருந்து பார்க்கும்போது இப்போதெல்லாம் என்னையறியாமல் ஆறாறாக எண்ணுகிறேன்.

பள்ளிகள் இதைவிட மோசம், ஏனென்றால் அங்கே இருப்பவர்கள் குழந்தைகள். வியன்னா ஸ்டேட் ஓபராவின் பாலே பள்ளி பற்றி விசாரித்த குழுவின் அறிக்கை 2019 டிசம்பரில் வந்தது. பிள்ளைகளை அவர்கள் பெயரோடு உடையின் அளவையும் சேர்த்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். எடை ஏறாமல் இருக்கப் புகைபிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். படித்துவிட்டு அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. 2023இல் இங்கிலாந்தில், ராயல் பாலே பள்ளியிலும் பர்மிங்ஹாமின் எல்ம்ஹர்ஸ்ட் பள்ளியிலும் படித்த 50க்கும் மேற்பட்ட முன்னாள் மாணவர்கள் தங்களுக்கு நேர்ந்ததை பிபிசியிடம் சொன்னார்கள். இந்தப் பள்ளிகளுக்குத்தான் லண்டனிலிருந்தும் டொரொண்டோவிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் எங்கள் தமிழ்ப் பெற்றோர் சிலரும் இப்போது பிள்ளைகளை அனுப்ப ஆசைப்படுகிறார்கள். வருட முடிவில் ‘உங்கள் மகளுக்கு அடுத்த ஆண்டு இடமில்லை’ என்று ஒரு கடிதம் வரும். ஹாஸ்டல், தோழிகள், எட்டு வயதிலிருந்து தன்னைப் பற்றி வைத்திருந்த ஒரே கனவு எல்லாம் அந்த ஒரு தாளில் போய்விடும். பக்கத்துக் கட்டில்காரிக்கு இடம் இருக்கும். அவளை வெறுக்காமல் இருப்பது எப்படி என்று அந்த 13 வயதுப் பிள்ளைக்கு யார் சொல்லித் தருகிறார்கள்?

ஆசை தப்பு என்று நான் சொல்லவே இல்லை. முன்னால் வர வேண்டும் என்ற வெறி இல்லாவிட்டால் யாரும் ஒற்றைக் காலில் 32 சுற்று சுற்ற மாட்டார்கள். பக்கத்தில் நிற்பவள் நன்றாகத் தாவினால் நானும் இன்னும் ஓர் அங்குலம் தாவ வேண்டும் என்ற துடிப்பு நல்லது. ஆனால் அடுத்தவர் அங்கே இருப்பதையே தாங்க முடியாத நிலைக்கு அந்தத் துடிப்பு திரிவது உங்கள் மௌனத்தால் நடக்கிறது. இந்தக் கலைஞர்கள் இயல்பில் ஒருவரையொருவர் தின்கிறவர்கள் இல்லை. 2019 டிசம்பர் 24 அன்று, ஓய்வூதிய மாற்றத்தை எதிர்த்து வேலைநிறுத்தத்தில் இருந்த பாரிஸ் ஓபராவின் பெண்கள், குளிரில், தெருவைப் பார்த்த பலே கார்னியே மண்டபத்தின் வாசலில் ‘ஸ்வான் லேக்’ ஆடினார்கள். பதவி உயர்வுக்கு ஒருவரோடொருவர் போட்டி போடும் அதே பெண்கள்தான். கோரிக்கை என்ன, யாரிடம் கேட்கிறோம் என்று தெளிவாகத் தெரிந்தபோது அவர்களால் சேர்ந்து நிற்க முடிந்தது.

அதனால் கேட்கிறேன். பட்டியல் ஒட்டிய ஒரு வாரத்துக்குள், அந்தப் பாத்திரத்துக்குப் பார்க்கப்பட்டும் கிடைக்காத ஒவ்வொருவருக்கும் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். என்ன குறை, எதைச் சரிசெய்தால் எப்போது மறுபடி பார்ப்பீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். ‘உன்னை இந்தப் பாத்திரத்தில் நான் எப்போதும் பார்க்கவில்லை’ என்பதுதான் உண்மை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். வலிக்கும். ஆனால் 24 வயதில் அது தெரிந்தால் வேறு குழுவுக்குப் போகலாம். 33இல் தெரிந்து பயனில்லை. மனநல ஆலோசகரைக் குழுவிலேயே வையுங்கள், ஆனால் அவர் குறிப்பேடு உங்கள் மேசைக்கு வரக் கூடாது. அதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். பிஸியோவுக்கும் அதே விதி. உங்கள் மேல் புகார் சொல்ல வேண்டியவர் உங்களிடமே வர வேண்டிய நிலையை மாற்றுங்கள். சம்பளமோ பாத்திரமோ உங்கள் கையில் இல்லாத ஒருவரை நிர்வாகக் குழு நியமிக்கட்டும். எடை பற்றி மருத்துவர் மட்டும் பேசட்டும், ஒத்திகை ஆசிரியர் வாயைத் திறக்க வேண்டாம். உங்கள் குழுவோடு இணைந்த பள்ளியில் ஒரு பிள்ளைக்கு அடுத்த ஆண்டு இடமில்லை என்றால், அதை ஒரு பருவம் முன்னதாகவே பெற்றோரை வைத்துக்கொண்டு சொல்லுங்கள். அடுத்து எந்தப் பள்ளி, எந்தப் படிப்பு என்று கூட உட்கார்ந்து யோசியுங்கள், இடம் கிடைக்கும் வரை கூடவே இருங்கள்.

புதிய பருவத்துக்கான முதல் பட்டியல் கோடை விடுமுறை முடிந்து திரும்பியதும் ஒட்டப்படும். அந்தப் பட்டியலிலிருந்தே இதைத் தொடங்கலாம்.

அக்கறையுடன்,
மேல் அடுக்கிலிருந்து பார்க்கும் ஒரு ரசிகை